பரிசு உண்டு, இருக்கை இல்லை

மேரி கியூரியைப் பற்றிப் பள்ளிப் பாடநூலில் படிக்காதவர்கள் நம்மில் குறைவு. ரேடியத்தைக் கண்டறிந்தவர், இருமுறை நோபல் பரிசு பெற்றவர், கதிர்வீச்சுக்கு ஆளாகி உடல் நலிந்து மறைந்தவர் என்ற செய்திகள் பெரும்பாலோருக்கு நினைவிருக்கும். ஆனால், 1911 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் அகாதெமியின் உறுப்பினர் தேர்தலில் அவர் இரண்டு வாக்குகள் குறைவாகப் பெற்றுத் தோற்றதை அந்தப் பாடங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, அவருடைய கண்டுபிடிப்புகளை விளக்கும் தகுதி இல்லை. ஆனால், அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஒரு வரவு-செலவுக் கணக்கைப் போலப் படித்துப் பார்த்திருக்கிறேன். யார் எப்போது பணம் கொடுத்தார்கள், யார் பொருள் கொடுத்தார்கள், யார் பேச மேடை கொடுத்தார்கள், யார் எதை மறுத்தார்கள் என்று வரிசைப்படுத்தினால், தனிமனித மேதைமையின் கதையாக நாம் அறிந்திருக்கும் அந்த வாழ்க்கை, அறிவியல் கழகங்கள் ஒருவரை எப்படி உயர்த்தவும் எப்படித் தடுக்கவும் முடியும் என்பதற்கான பாடமாகவும் விளங்குகிறது. அறிவியலில் பெண்கள் குறைவு, ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் குறைவு, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் குறைவு என்று இன்று நாம் கவலைப்படும்போது, அந்தக் கணக்கை மறுபடி புரட்டிப் பார்ப்பது பயன்தரும்.

1867 நவம்பர் 7 அன்று, ரஷியப் பேரரசின் ஆட்சியில் இருந்த வார்சாவில் பிறந்தவர் மேரி. அங்குள்ள பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆட்சியாளரின் கண்ணில் படாமல் வீடு வீடாக இடம் மாறி நடந்துவந்த 'பறக்கும் பல்கலைக்கழகம்' என்ற மறைமுக அமைப்பில்தான் அவரும் அவருடைய அக்காள் புரோனியாவும் மேற்படிப்பின் சுவையை அறிந்தார்கள். அக்காள் பாரிஸில் மருத்துவம் படிக்கட்டும், அதற்குத் தங்கை சம்பாதித்து உதவுவது, பிறகு தங்கையின் படிப்புக்கு அக்காள் உதவுவது என்று இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மேரி சில ஆண்டுகள் பிறர் வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் அனுப்பினார். 1891-இல்தான் அவரால் பாரிஸுக்குச் செல்ல முடிந்தது. அப்போது அவருக்கு 24 வயது.

1893-இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்றார். ஆனால், கணிதப் பட்டத்தையும் முடிக்கக் கையில் பணம் இல்லை. அந்த நேரத்தில், வெளிநாட்டில் படிக்கும் போலந்து மாணவர்களுக்கான அலெக்சாந்திரோவிச் உதவித்தொகை 600 ரூபிள் கிடைத்தது. சிக்கனமாக வாழ்ந்தால் ஓராண்டுக்கும் மேல் தாங்கும் தொகை அது. 1894-இல் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லாத அந்தத் தொகையை, முதலில் வருவாய் வந்ததும் அவர் திருப்பிச் செலுத்தினார். தம்மைப் போன்ற இன்னொருவருக்கு அது போய்ச் சேர வேண்டும் என்று அவர் கருதினார்.

அந்த முதல் வருவாயைத் தந்ததும் ஒரு சங்கமே. பிரான்ஸின் தேசியத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம், பல்வகை எஃகுகளின் காந்தப் பண்புகளை ஆராயும் பணியை 1894-இல் அவரிடம் ஒப்படைத்தது. ஊரும் புதிது, பேராசிரியர் பதவியும் இல்லை, ஆய்வுக்கட்டுரை எதுவும் வெளியாகவில்லை. அப்படிப்பட்ட ஓர் இளம்பெண்ணை நம்பி, ஊதியத்துடன் ஓர் ஆய்வை அந்தச் சங்கம் கொடுத்தது. கருவிகளை வைக்க இடம் போதாமல் அவர் தவித்தபோதுதான், போலந்து நாட்டு இயற்பியலாளர் கோவால்ஸ்கி அவரைப் பியரி கியூரியிடம் அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டு ஜூலையில் இருவரும் மணந்துகொண்டனர். ரேடியத்தின் வரலாறு இந்தச் சிறிய எஃகு ஆய்வில் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

யுரேனியம் ஒருவகைக் கதிர்களை வெளியிடுகிறது என்று ஹென்றி பெக்கரெல் 1896-இல் கண்டறிந்திருந்தார். முனைவர் பட்ட ஆய்வுக்கு மேரி அதை எடுத்துக்கொண்டார். தோரியத்திலும் அதே தன்மை உண்டு என்று கண்டார். சில கனிமங்கள் அவற்றிலுள்ள யுரேனியத்தின் அளவைக் காட்டிலும் வலுவாகக் கதிர் வீசுவதால், அவற்றுள் அறியப்படாத தனிமம் ஒன்று இருக்க வேண்டும் என்றும் ஊகித்தார். அவர் பெயரை மட்டும் தாங்கிய அந்தக் குறிப்பு 1898 ஏப்ரல் 12 அன்று அறிவியல் அகாதெமியின் கூட்டத்தில் வைக்கப்பட்டது. அதை வைத்தவர் மேரி அல்லர். அவருடைய ஆசிரியரும் அகாதெமி உறுப்பினருமான காப்ரியேல் லிப்மன். உறுப்பினர் அல்லாதவரின் ஆய்வை ஓர் உறுப்பினர்தான் அவையில் வைக்க முடியும் என்பது நடைமுறை. போலோனியம் பற்றிய ஜூலை மாதக் குறிப்பையும் ரேடியம் பற்றிய டிசம்பர் மாதக் குறிப்பையும் பெக்கரெல் அவையில் வைத்தார்.

இந்த நடைமுறையின் பொருளாதார முக்கியத்துவத்தைச் சற்று விளக்க வேண்டும். அகாதெமி வாரந்தோறும் கூடியது. அங்கு வைக்கப்பட்ட குறிப்புகள் விரைவில் அச்சாகி உலகெங்கும் சென்றன. அறிவியலில் ஓர் உண்மையை முதலில் அறிவித்தவருக்கே உரிமை. இரண்டாவதாக வருபவருக்கு மதிப்பு குறைவு. தோரியம் கதிர் வீசுகிறது என்பதை மேரி அறிவிப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்மிட் என்பவர் அறிவித்துவிட்டிருந்தார். சில வாரங்களே முந்தியவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் போட்டியில், அவையின் கதவைத் திறந்துவிட ஓர் ஆள் இருப்பதும் இல்லாதிருப்பதும் சாதாரண வேறுபாடு அன்று. மேரிக்கு லிப்மனும் பெக்கரெலும் இருந்தார்கள். அப்படி ஒருவரும் வாய்க்காத மற்றவர்களின் கதை நமக்குத் தெரியாமலே போயிற்று.

அகாதெமி அவரைப் புறக்கணித்தது என்று ஒரேயடியாகச் சொல்வதும் நியாயமாகாது. 1898, 1900, 1902 என மும்முறை அவருக்குக் கெக்னர் பரிசை அளித்தது. முதல் பரிசின் தொகை 3,800 பிராங்க். அப்போது பியரியின் மாத ஊதியம் ஏறத்தாழ 500 பிராங்க் என்பதை நினைத்தால், அந்தச் சிறு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பது விளங்கும். 1902-இல் கதிரியக்கப் பொருள்களைப் பிரித்தெடுக்கும் பணிக்கு 20,000 பிராங்க் ஒதுக்கியதும் அகாதெமிதான். மூலப்பொருளுக்கும் ஓர் அகாதெமியின் உதவி இருந்தது. போஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் சுரங்கத்தில் யுரேனியம் எடுத்தபின் எஞ்சிய கழிவு ஆஸ்திரிய அரசின் உடைமை. வியன்னா அறிவியல் அகாதெமியைச் சேர்ந்த நிலவியல் அறிஞர் எட்வர்ட் சூஸ் பரிந்துரைத்ததால், முதலில் ஒரு டன் கழிவு கியூரி தம்பதியருக்குக் கிடைத்தது. ஒழுகும் கொட்டகையில் மேரி கிளறிக் காய்ச்சியது அதைத்தான். ஒரு கழகத்தின் பெயரால் எழுதப்படும் ஒரு கடிதத்துக்கு உள்ள மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆனால், பணம் கொடுத்த அதே அகாதெமியின் உறுப்பினர்கள், 1903-ஆம் ஆண்டு நோபல் பரிசுக்குப் பெக்கரெல், பியரி ஆகிய இருவரின் பெயர்களை மட்டுமே பரிந்துரைத்தார்கள். மேரியின் பெயர் அந்தக் கடிதத்தில் இல்லை. சுவீடன் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்லர் இதைப் பியரிக்குத் தெரிவித்தார். இந்த ஆய்வில் மேரியின் பங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று பியரி பதில் எழுதினார். அதன் பிறகே மூவருக்குமாகப் பரிசு அறிவிக்கப்பட்டது. ஓர் உள்ளூர்க் கழகம் மறைத்த பெயரை, தொலைவிலிருந்த ஒருவரின் நேர்மை மீட்டது.

1906 ஏப்ரலில் பாரிஸ் தெருவில் வண்டியில் சிக்கிப் பியரி இறந்தார். மேரி சோர்போனில் அவருடைய பாடத்தை ஏற்றார், 1908-இல் பேராசிரியரானார். 1910 இறுதியில் அகாதெமியின் இயற்பியல் பிரிவில் ஓர் இடம் காலியாயிற்று. மேரி விண்ணப்பித்தார். அவர் நோபல் பரிசு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெளிநாட்டுக் கழகங்கள் பலவும் அவரை உறுப்பினராக்கியிருந்தன.

1911 ஜனவரி தொடக்கத்தில், ஐந்து அகாதெமிகளையும் உள்ளடக்கிய பிரெஞ்சுக் கழகத்தின் பொதுக்கூட்டம், பெண்களைச் சேர்ப்பதில்லை என்ற பழைய மரபைக் காப்பதே நல்லது என்று வாக்களித்தது. அந்த மாதத்திலேயே அறிவியல் அகாதெமியின் தேர்தல் நடந்தது. இரண்டாம் சுற்றில் எட்வர்ட் பிரான்லி 30 வாக்குகளும் மேரி 28 வாக்குகளும் பெற்றனர். பிரான்லி தகுதியற்றவர் அல்லர். கம்பியில்லாத் தந்தியின் தொடக்கக் காலத்துக்கு இன்றியமையாத கருவி ஒன்றை உருவாக்கியவர். தகுதியுள்ள இருவரில் ஒருவர் வென்றார் என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த மாதம் முழுவதும் பாரிஸில் நடந்தது தகுதி பற்றிய விவாதம் அன்று. ஒரு பெண், அதுவும் வெளிநாட்டில் பிறந்த பெண், அந்த அவையில் அமரலாமா என்பதே பேச்சாக இருந்தது. மேரி மறுபடி அங்கு வேட்பாளராக நிற்கவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் வேதியியலுக்கான நோபல் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் என் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் எழுதத் தோன்றுகிறது. அகாதெமிக்குப் பரிசு கொடுக்க மனம் இருந்தது. இருக்கை கொடுக்க மனம் இல்லை. கொடை வேறு, பங்கு வேறு. பரிசைப் பெறுபவர் நன்றி சொல்லி வெளியேறிவிடுவார். இருக்கையில் அமர்பவரோ அடுத்த பரிசு யாருக்கு என்பதில் வாக்களிப்பார். யாருடைய ஆய்வை அவையில் வைப்பது என்று முடிவு செய்வார். தம் மாணவர்களின் குறிப்புகளைத் தாமே கொண்டுவருவார். எனவே, அந்த இரண்டு வாக்குகளால் நேர்ந்த இழப்பு மேரிக்கு மட்டுமானதன்று. அவருடைய ஆய்வகத்தில் இருந்த இளையோர் ஒவ்வொருவரும் தம் ஆய்வை அவையில் வைக்க வேறொருவரை நாட வேண்டியதாயிற்று. ஒருவரை வெளியே நிறுத்தும்போது, அவருக்குப் பின்னால் நிற்கும் வரிசையும் வெளியே நிற்கிறது.

இது பாரிஸுக்கு மட்டும் உரிய நோய் அன்று. மேரியின் தோழியான ஹெர்த்தா அயர்ட்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர், மின்வில் விளக்குகள் சீறுவதன் காரணத்தைக் கண்டறிந்தவர். லண்டனின் மின்பொறியாளர் கழகம் 1899-இல் அவருடைய கட்டுரையை அவரையே வாசிக்கச் செய்து, அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகவும் ஏற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, அதே நகரின் ராயல் சொசைட்டிக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டது. திருமணமான பெண்ணுக்குச் சட்டப்படி உறுப்பினராகும் தகுதி இல்லை என்று வழக்கறிஞர் கருத்துச் சொல்ல, முன்மொழிவு கைவிடப்பட்டது. 1906-இல் அதே ராயல் சொசைட்டி அவருக்கு ஹியூஸ் பதக்கத்தை வழங்கியது. பதக்கம் உண்டு, இருக்கை இல்லை. அந்த அமைப்பு முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1945-இல்தான். ஒரே நகரம், ஒரே காலம், ஒரே பெண். ஒரு கழகம் திறந்தது, இன்னொன்று மூடியது. ஆகவே, காலம் அப்படி இருந்தது என்ற சமாதானம் எடுபடாது. கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்தந்தக் கழகத்தின் முடிவு.

1911-இன் இறுதியில் மேரியின் தனிவாழ்க்கையைப் பத்திரிகைகள் சந்திக்கு இழுத்தன. அவர் நோயுற்றார். 1912 கோடையில் அவரையும் அவருடைய மகள்களையும் இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில் பிறர் அறியாமல் தங்கவைத்துக் காத்தவர் அயர்ட்டன்தான். பெரிய அமைப்புகள் செய்யத் தவறியதைத் தனிமனித நட்பு செய்தது. ஆனால், நட்பை நம்பி ஒரு துறையை நடத்த முடியாது. நட்பு வாய்த்தவருக்கு மட்டுமே அது உதவும்.

தமக்கு மறுக்கப்பட்டதை மேரி பிறருக்கு எப்படிக் கொடுத்தார் என்பதே இந்த வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி. அவருடைய ஆய்வகத்தில் பல நாடுகளிலிருந்து வந்த பெண்கள் பணியாற்றினர். நார்வேயின் எலன் கிளெடிச் 1907-இல் வந்து, வேதியியல் பிரிப்புப் பணிகளில் மேரிக்குத் துணையாக இருந்தார். பின்னர் ஓர் அமைப்பின் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குச் சென்று, ரேடியத்தின் அரைவாழ்வுக் காலத்தைத் துல்லியமாக அளந்தார். 1926 முதல் 1929 வரை பல்கலைக்கழகப் பெண்களின் பன்னாட்டுக் கூட்டமைப்புக்குத் தலைவராகவும் இருந்தார். உதவி பெற்றவரே உதவும் அமைப்பின் தலைமைக்கு வந்தார்.

1921-இல் அமெரிக்கப் பெண்கள் நன்கொடை திரட்டி, ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு கிராம் ரேடியத்தை மேரிக்கு வழங்கினார்கள். அது தம் பெயரிலும் வாரிசுகள் பெயரிலும் போய்விடக் கூடாது, ஆய்வகத்துக்கே உரியதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தி, கொடைப் பத்திரத்தைத் திருத்தச் செய்தார் மேரி. 1922-இல் பிரெஞ்சு மருத்துவ அகாதெமி, அவர் விண்ணப்பிக்காமலே, அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு, நாடுகள் சங்கம் அமைத்த அறிவுசார் ஒத்துழைப்புக் குழுவில் அவர் சேர்ந்தார். நம் ஜகதீஷ் சந்திர போஸும் பின்னர் அக்குழுவில் இருந்தார். வசதியற்ற இளம் ஆய்வாளர்களுக்குப் பன்னாட்டு உதவித்தொகை வேண்டும் என்பது அங்கு மேரி விடாமல் வலியுறுத்திய கருத்து. 600 ரூபிளின் அருமையை அறிந்தவர் அல்லவா?

1934 ஜூலை 4 அன்று மேரி மறைந்தார். அடுத்த ஆண்டு நோபல் பரிசு பெற்ற அவருடைய மகள் ஐரீனும் அறிவியல் அகாதெமிக்கு விண்ணப்பித்துத் தோற்றார். மேரியின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பிரான்சியம் என்ற தனிமத்தை 1939-இல் கண்டறிந்த மார்கரெத் பெரே, 1962-இல் அகாதெமியின் இணை உறுப்பினரானார். முழு உறுப்பினராக ஒரு பெண் அமர்ந்தது 1979-இல்தான். கணித இயற்பியலாளர் இவோன் ஷோகே-புருவா அவர். மேரி இரண்டு வாக்குகளில் தவறவிட்ட இருக்கைக்கும் இதற்கும் இடையே 68 ஆண்டுகள். மரபு தானாகக் கரையும் என்று காத்திருப்பதன் விலை இது.

மரபு இறுகுவதற்கு முன்பே நல்ல பழக்கத்தைத் தொடங்கிவிட்டால் இவ்வளவு காலம் ஆகாது. மேரி மறைந்த அதே 1934-இல் சர் சி.வி. ராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி, மறு ஆண்டே தாவரவியலாளர் ஜானகி அம்மாளைத் தேர்ந்தெடுத்தது. சென்னையில் படித்தவர் அவர். ஆனால், தொடக்கம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1935-இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய அறிவியல் அகாதெமிக்கு ஒரு பெண் தலைவராக வந்தது 2020-இல்தான்.

இன்று அறிவியல் கழகங்கள் பலவும் மகளிர் நாளில் ஒரு கருத்தரங்கு நடத்துகின்றன. ஒரு விருதும் அறிவிக்கின்றன. தவறில்லை. ஆனால், மேரியின் கணக்குப் புத்தகம் நமக்குச் சொல்வது வேறு. பெயர் தெரியாத நிலையில் கிடைத்த எஃகு ஆய்வும் உதவித்தொகையும் அவருக்குச் செய்த நன்மையை, புகழ் வந்தபின் கிடைத்த எந்தப் பதக்கமும் செய்யவில்லை. எனவே, முதல் ஆய்வுக்கான சிறு தொகை, புகழுக்கு முன்பே வர வேண்டும். சிறிய ஊர்க் கல்லூரிகளிலிருந்து மாநாட்டில் கட்டுரை வாசிக்கத் தேர்வான மாணவர்கள், பயணச் செலவைத் தாமே முதலில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் போகாமலே இருந்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொகையைப் பயணத்துக்கு முன்பே கொடுத்தால் கழகத்துக்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. குழந்தையை விட்டுவிட்டு வர இயலாத ஆய்வாளருக்கு மாநாட்டு வளாகத்தில் ஓர் அறையும் ஒரு பணியாளரும் இருந்தால் போதும்.

அடுத்து, முன்மொழிதல். உறுப்பினர்கள் தமக்குத் தெரிந்தவர்களையே முன்மொழிவார்கள். தெரிந்தவர்கள் பெரும்பாலும் தம்மைப் போன்றவர்களாகவே இருப்பார்கள். இதில் தீய எண்ணம் எதுவும் தேவையில்லை, பழக்கம் போதும். நோபல் பரிந்துரைக் கடிதத்தில் மேரியின் பெயர் விடுபட்டதும் அப்படித்தான் இருக்கக்கூடும். எனவே, விடுபட்டவர்கள் யார் என்று தேடுவதையே பணியாகக் கொண்ட ஒரு குழு ஒவ்வொரு கழகத்திலும் இருக்க வேண்டும். முன்மொழிய ஆள் இல்லாதவர் தாமே விண்ணப்பிக்கவும் வழி வேண்டும். இதனால் தரம் தாழ்ந்துவிடும் என்பார்கள். தேடும் பரப்பை விரித்தால் தரம் கூடுமே தவிரக் குறையாது என்பது எளிய கணக்கு.

கடைசியாக, இருக்கை. பரிசுக் குழுவிலும் இதழ் ஆசிரியர் குழுவிலும் நிதி ஒதுக்கும் குழுவிலும் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு கழகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விருது பெற்றவர்களின் பட்டியலை எல்லாக் கழகங்களும் மகிழ்ச்சியோடு வெளியிடுகின்றன. விருதைத் தீர்மானிப்பவர்களின் பட்டியலை வெளியிடுவதில்தான் தயக்கம் தெரிகிறது. அந்தத் தயக்கம் நீங்கும் நாளில், ஒரு கழகம் கொடையை விட்டுப் பங்குக்கு வந்துவிட்டது என்று நாம் நம்பலாம்.